கதவு திறந்தால் அலமாரியில் இடிக்கும் வீடு: கோலாலம்பூர் பி.பி.ஆர். குடியிருப்பில் ஒரு நிகழ்வு ஆய்வு

லெம்பா பந்தாய் வட்டாரத்தில் உள்ள ஒரு பி.பி.ஆர். அடுக்குமாடியில், மேல் மாடி ஒன்றில் இருக்கிறது இந்த வீடு. பி.பி.ஆர். என்பது மக்கள் வீடமைப்புத் திட்டம். கோலாலம்பூர்க்காரர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை, வெளியூர் வாசகர்களுக்காகச் சொல்கிறேன். மாதம் 124 வெள்ளி (ரிங்கிட்) வாடகை, மாநகர் மன்றத்துக்குக் கட்டுகிறார்கள். மூன்று படுக்கையறை, ஒரு கூடம், சமையலறை, தனித்தனியாகக் குளியலறையும் கழிவறையும், பின்னால் துணி உலர்த்த ஒரு சின்ன யார்ட். எல்லாம் சேர்த்து ஏறக்குறைய 700 சதுர அடி.

குடியிருப்பவர்கள் ஆறு பேர். கைத்தடி ஊன்றி நடக்கும் பாட்டி. விடியற்காலையிலேயே கிளம்பிவிடும் லோரி ஓட்டுநர். அவருடைய மனைவி, வீட்டிலிருந்தே முறுக்கு, நெய் உருண்டை ஆர்டர் எடுத்துச் செய்கிறவர். எஸ்.பி.எம். என்ற இடைநிலைப்பள்ளி இறுதித் தேர்வு எழுதப்போகும் மகள், படிவம் 2 படிக்கும் மகன், ஆண்டு 4 படிக்கும் கடைக்குட்டி. நான் தச்சு வேலை, சின்னச் சின்ன வீட்டு வேலை செய்கிறவன். பழக்கத்தின் பேரில் அந்த அக்கா என்னைக் கூப்பிட்டார்.

கூப்பிட்டது ஓர் அலமாரிக்காக. “தம்பி, சாமான் வைக்க இடமே இல்லை. கூடத்துல மேல வரைக்கும் ஒரு அலமாரி அடிச்சுக் குடு. 300 வெள்ளிதான் இருக்கு, அதுக்குள்ள முடிச்சிடு.”

300 வெள்ளிக்கு மேல் வரைக்கும் அலமாரி வராது. வந்தாலும் அந்த வீட்டுக்கு அது உதவாது என்று உள்ளே நுழைந்ததுமே தெரிந்தது. ஏற்கெனவே அங்கே அலமாரிகள் அதிகம். கதவில் மாட்டும் கொக்கித் தட்டு, ஐந்தடுக்கு பிளாஸ்டிக் டிராயர் இரண்டு, அடிப்பாகம் ஈரத்தில் ஊதிப்போன ஒரு செருப்பு அலமாரி. ஒவ்வொன்றும் ஒரு சிக்கலைத் தீர்க்க வாங்கியது. இப்போது அவையே வழியை மறித்துக்கொண்டு நிற்கின்றன. 2005இல் ஜாலான் துவாங்கு அப்துல் ரஹ்மானில் முதல் கடை திறந்த மிஸ்டர் டி.ஐ.ஒய். என்ற வீட்டுச் சாமான் கடை இன்று எந்தத் தாமானுக்கு (குடியிருப்புப் பகுதிக்கு) போனாலும் இருக்கிறது. 2 வெள்ளி கடைகளும் அப்படியே. மலிவாகக் கிடைப்பதால் அளக்காமல் வாங்கிவிடுகிறோம். யூடியூபில் பார்த்து வாங்குவது இன்னொரு வகை. அந்த வீடியோ வீடுகளில் பாட்டி இருப்பதில்லை, கேஸ் தோம்பு (சிலிண்டர்) இருப்பதில்லை, தீபாவளிக்கு முன்வாரம் என்று ஒன்று வருவதும் இல்லை.

வேலைக்கு மூன்று நிபந்தனைகள் வைத்துக்கொண்டோம். வாடகை வீடு என்பதால் சுவரை உடைக்கக் கூடாது, எதைச் செய்தாலும் பின்னால் கழற்றி எடுக்க முடிய வேண்டும். துளை போடும் இடங்களுக்கு முன்கூட்டியே நிர்வாக அலுவலகத்தில் சொல்லிவிட வேண்டும். மூன்றாவது பாட்டி வைத்தது: அவர் மதியம் தூங்கும் நேரத்தில் டிரில் சத்தம் கேட்கக் கூடாது.

காலை நெரிசல்

டேப்பை எடுப்பதற்கு முன்னால், வீடு நெரியும் நேரத்தைப் பார்க்க வேண்டும் என்பது என் பழக்கம். இந்த வீட்டில் அது காலை ஆறு மணி. பள்ளிக்கு ஏழரைக்குள் போயாக வேண்டும். மகன் கூடத்தில் தொத்தோ (சுருட்டி வைக்கும் மெத்தை) விரித்துப் படுத்திருக்கிறான். அதைச் சுருட்டினால்தான் வாசல் கதவு முழுதாகத் திறக்கும். கதவுக்குப் பின்னால் காலணிகள் குவிந்து கிடக்கின்றன. சமையலறையில் அக்கா ஐஸ்பெட்டியைத் திறந்தால் கதவு சுவரில் முட்டி நின்றுவிடுகிறது, காய்கறி டிராயர் பாதிதான் வெளியே வருகிறது. பாட்டி தன் அறையிலிருந்து வெளியே வர உடம்பைப் பக்கவாட்டில் திருப்புகிறார், ஏனென்றால் அறைக்கதவு உள்பக்கம் திறந்து துணி அலமாரியில் இடித்துப் பாதியில் நிற்கிறது. குளியலறைக்குப் போகும் வழியில் அந்த ஐந்தடுக்கு டிராயர்.

வீட்டின் படத்தை ஒரு தாளில் வரைந்து, ஒவ்வொரு கதவும் திறக்கும் வளைவை அதில் போட்டுப் பார்த்தோம். மகள்தான் காம்பஸ் வைத்து வரைந்தாள். படம் முடிந்ததும் அக்காவுக்கே விளங்கிவிட்டது. அவர் “இடமே இல்லை” என்று சொன்ன மூலைகளில் பாதிக்கு மேல் கதவு வளைவுகளோடு சம்பந்தப்பட்டவை. அங்கே அலமாரி சேர்த்து ஆகப்போவது ஒன்றுமில்லை. நகர்த்துவது, திருப்புவது, கழற்றுவது ஆகிய மூன்றையும் செய்துபார்த்துவிட்டு, மிச்சம் இருப்பதற்கு மட்டும் பலகை வாங்குவது என்று முடிவானது.

கதவு வேலைகள்

முதலில் ஐஸ்பெட்டி. அதன் கீல் சுவர்ப் பக்கம் இருந்தது, பெட்டியும் சுவரை ஒட்டியே நின்றது. மறுபக்கத்தில், சமையல் மேடைக்கும் பெட்டிக்கும் நடுவே ஒரு சாண் அளவுக்கு இடைவெளி. அந்தச் சந்தில் விழுந்த துடைப்பக்கட்டையை எடுப்பதற்கு ஆள் மாற்றி ஆள் முயற்சி செய்திருக்கிறார்கள். பெட்டியை மேடைப் பக்கம் தள்ளினோம், அவ்வளவுதான். இடைவெளி சுவர்ப் பக்கம் போய்விட்டது, கதவு நன்றாக விரிந்தது, டிராயர் முழுதாக வெளியே வந்தது. காசு எதுவும் செலவாகவில்லை. சில ஐஸ்பெட்டிகளில் கீலை மறுபக்கத்துக்கு மாற்றிப் பொருத்தலாம், அந்த வசதி இருக்கிறதா என்று கையேட்டில் பார்த்துக்கொள்ளலாம். இது அப்படிப்பட்ட மாடல் இல்லை.

இடம் மாறிய அந்தச் சந்துக்கு ஓர் உருளும் தட்டு செய்தோம். 12 மில்லிமீட்டர் பிளைவுட்டில் 14 செ.மீ. அகலம், கீழே நான்கு சக்கரம், முன்னால் ஒரு கைப்பிடி. இதில் கவனிக்க வேண்டியவை இரண்டு. நிறைய ஐஸ்பெட்டிகளில் சூட்டை வெளியேற்றும் குழாய்கள் பக்கவாட்டுத் தகட்டுக்கு உள்ளேயே ஓடுகின்றன, தொட்டுப் பார்த்தால் வெதுவெதுப்பாக இருக்கும். ஆகவே சந்தை முழுக்க அடைக்கக் கூடாது, இரண்டு பக்கமும் விரல் நுழையக் காற்று விட வேண்டும். எண்ணெய், வெங்காயம் போன்றவற்றை அங்கே வைக்கக் கூடாது. முறுக்கு அச்சு, தாம்பாளம், டின் சாமான் என்றால் கெடுதல் இல்லை. இரண்டாவது, இவ்வளவு ஒல்லியான தட்டு இழுக்கும்போது சாய்ந்துவிடும். கனமான பொருள் எல்லாம் கீழ்த்தட்டில்தான் இருக்க வேண்டும்.

பாட்டியின் அறைக்கதவுக்கு மூன்று வழி யோசித்தோம். வெளிப்பக்கம் திறக்கும்படி மாற்றினால் குளியலறை வழியை அது மறிக்கும். அலமாரியை நகர்த்தினால் கட்டில் ஜன்னலுக்குக் குறுக்கே போகும். மிஞ்சியது, கதவைக் கழற்றிவிட்டுத் திரை போடுவது. பாட்டி ஒத்துக்கொள்ளவில்லை.

“கதவு இல்லாத அறையில நான் எப்படிச் சேலை மாத்துறது? காத்து அடிச்சா தூக்கிக்கிட்டுப் போகுமே.”

நியாயமான கேள்வி. துணியை இரட்டையாகத் தைத்து, கீழ் மடிப்பில் 20 சென், 50 சென் காசுகளை வரிசையாக வைத்துத் தைத்தார் அக்கா. திரை கனமாகத் தொங்கியது, காற்றுக்கு அசையவில்லை. தரையிலிருந்து ஐந்து செ.மீ. மேலே நின்றுவிடும்படி அளவு வைத்தோம், கைத்தடி சிக்கக் கூடாது அல்லவா. நிலைச்சட்டத்தின் இரண்டு பக்கமும் முட்டுக்கொடுத்து நிற்கும் சுருள்வில் கம்பிதான் திரையைத் தாங்குகிறது. திருகாணி தேவைப்படவில்லை. கழற்றிய கதவை அலமாரிக்குப் பின்னால் நிறுத்திவைத்தாயிற்று. கீல் முளைகளை ஒரு பையில் போட்டுக் கதவிலேயே ஒட்டிவிட்டோம். வீட்டைத் திருப்பிக் கொடுக்கும் நாளில் தேடி அலையக் கூடாது. உள் அறைக் கதவுக்கு மட்டும்தான் இந்த வேலை. வாசல் கதவில் கைவைக்கக் கூடாது.

வாசல் கதவின் சங்கதி வேறு. காலணி அலமாரியை வெளியே நடைபாதையில் வைத்தால் என்ன என்று அக்காவின் கணவர், லோரி ஓட்டும் அண்ணன், கேட்டார். நிறையப் பேர் வைத்திருக்கிறார்கள்தான். ஆனால் அது எல்லாருக்கும் பொதுவான வழி, தீப்பிடித்தால் ஓடித் தப்பிக்கும் வழியும் அதுவே. நிர்வாகம் அவ்வப்போது வந்து தூக்கிக்கொண்டு போய்விடும். அதனால் கதவுக்குப் பின்னாலேயே இடம் தேடினோம். கதவு சுவரைத் தொடாதபடி தரையில் ஒரு தடுப்புக் கட்டையைத் திருகினால் கதவுக்கும் சுவருக்கும் நடுவே 15 செ.மீ. கிடைத்தது. அந்தச் சுவரில் துண்டு தொங்கவிடும் சாதாரணக் கம்பிகள் மூன்றை ஒன்றன்கீழ் ஒன்றாக அடித்தோம். ஷூவின் முன்பக்கம் கம்பிக்கும் சுவருக்கும் நடுவே இறங்கும், குதிகால் கம்பியில் மாட்டிக்கொண்டு நிற்கும். பள்ளிக் காலணிகளுக்கு இது அருமையாகப் பொருந்துகிறது. ஜப்பான் சிலிப்பர் (ரப்பர் செருப்பு) நிற்காது, அதற்கு ஒரு துணிப்பையைக் கொக்கியில் மாட்டியிருக்கிறார்கள். நனைந்த காலணியை நேராக இங்கே கொண்டுவரக் கூடாது என்பது கடைக்குட்டிக்கு இன்னும் முழுதாகப் பதியவில்லை.

தூண் பக்கத்துப் பள்ளம்

இந்த வீட்டில் அதிக நேரமும் அதிகக் காசும் போனது இங்கேதான். கூடத்தின் ஒரு மூலையில் கான்கிரீட் தூண் சுவரை விட்டு ஏறக்குறைய 25 செ.மீ. வெளியே துருத்திக்கொண்டு நிற்கிறது. தூணுக்கும் ஜன்னல் சுவருக்கும் நடுவே ஒரு மீட்டருக்குக் கொஞ்சம் கூடுதலான அகலத்தில் ஒரு பள்ளம். கடையில் விற்கும் எந்த மேசையும் அதற்குள் அடங்காது. அடங்கக்கூடிய அலமாரிகள் பள்ளத்தைத் தாண்டி வெளியே நீட்டும். அதனால் பழுதான காற்றாடி, பழைய டிவி மேடை, யாருக்கும் தேவைப்படாத பெட்டிகள் எல்லாம் அங்கே குடியேறிவிட்டன. மகளோ முறுக்கு பிழியும் மேசையில்தான் படிக்கிறாள். அம்மாவுக்கு ஆர்டர் வந்தால் அவளுக்கு மேசை இல்லை.

பள்ளத்துக்குள் 25 செ.மீ. ஆழத்துக்கு நிலையான பலகை ஒன்று. அதன் முன்விளிம்பில் நீளக் கீல் வைத்து இன்னொரு 25 செ.மீ. பலகை. தூக்கி நிறுத்தினால் அரை மீட்டர் ஆழத்தில் படிப்பு மேசை, மடக்கினால் தூணோடு சமமாகத் தொங்கும். இரவில் தொத்தோ விரிக்கத் தரை திரும்பக் கிடைத்துவிடும். உயரம் 74 செ.மீ. நாற்காலியில் உட்கார்ந்து எழுதுவதற்கு 73இலிருந்து 75 வரை சரியாக இருக்கும்.

அளவெடுப்பதில்தான் பெரும்பாலான வீட்டு வேலைகள் கெட்டுப்போகின்றன. இந்தப் பள்ளத்தின் பின்பக்கம் 111 செ.மீ., முன்பக்கம் 109. ஒரே இடத்தில் அளந்து 110 என்று பலகை அறுத்திருந்தால் அது உள்ளேயே போயிருக்காது. எந்தப் பள்ளமாக இருந்தாலும் பின்னால், நடுவில், முன்னால் என மூன்று இடத்தில் அளக்க வேண்டும், மேலேயும் கீழேயும் பார்க்க வேண்டும். மூலை செங்கோணமாக இருக்கிறதா என்று அறிய ஒரு பழைய வழி உண்டு: ஒரு சுவரில் 60 செ.மீ., அடுத்த சுவரில் 80 செ.மீ. அளந்து குறியிடுங்கள். இரண்டு குறிகளுக்கும் நடுவே சரியாக 100 வந்தால் மூலை நேர். குறைந்தாலோ கூடினாலோ கோணல். இங்கே கோணல்.

அதனால் மைலோ அட்டைப்பெட்டி ஒன்றை வெட்டி, பள்ளத்தின் வடிவத்துக்கே ஓர் அச்சு எடுத்தோம். அட்டையை உள்ளே தள்ளி, இடிக்கும் இடத்தைச் செதுக்கி, இடைவெளி விழும் இடத்தில் இன்னொரு துண்டை ஒட்டினால் கடைசியில் கிடைப்பது அந்த வீட்டின் கோணலுக்கே பொருந்தும் அளவு. அந்த அட்டையையே பெட்டிகளின்மேல் மேசைபோல அமர்த்திச் சில நாள் விட்டுவைத்தோம். ஜன்னல் கைப்பிடி மேசையில் இடிக்கும் என்பது அப்போதுதான் தெரியவந்தது. ஒரு மூலையை வெட்டிவிடச் சொன்னாள் மகள். அட்டையில் வெட்டுவது சுலபம், பலகையில் வெட்டிய பிறகு ஒட்ட முடியாது.

பிளைவுட் 4 அடிக்கு 8 அடி தாளாக வரும். முழுத் தாள் வாங்கித் தோளில் சுமந்து லிப்டில் ஏற்ற முடியாது, லிப்டில் அது நுழையவும் நுழையாது. பலகைக் கடையிலேயே அட்டையைக் காட்டி அறுத்து வாங்கிவிட்டோம். தவுக்கே (கடை முதலாளி) மூலை வெட்டைப் பார்த்துவிட்டு அதற்குத் தனிக் கூலி கேட்டார், கொடுத்தோம். மேசைக்கு 18 மில்லிமீட்டர், மற்றதற்கெல்லாம் 12. அமுக்கிய மரத்தூள் பலகை இதைவிட மலிவுதான். ஆனால் கோலாலம்பூர்க் காற்றில் ஈரப்பதம் சராசரியாக 80 விழுக்காட்டை ஒட்டி இருக்கிறது. மரத்தூள் பலகை ஒருமுறை ஈரம் குடித்து ஊதினால் திரும்பச் சப்பையாகாது. அந்தச் செருப்பு அலமாரிக்கு நேர்ந்தது அதுதான். பிளைவுட்டாக இருந்தாலும் அறுத்த விளிம்புகளுக்கு உப்புத்தாள் தேய்த்து இரண்டு முறை வார்னிஷ் பூச வேண்டும், ஈரம் உள்ளே போவது விளிம்பு வழியாகத்தான்.

நிலையான பலகையைத் தாங்குவதற்குப் பின்சுவர், தூண், ஜன்னல் சுவர் என மூன்று பக்கமும் மரச்சட்டம் அடித்தோம். மூன்று பக்கத் தாங்கல் இருந்தால் ஒவ்வொரு திருகாணிக்கும் வரும் பாரம் குறையும். முன்பலகைக்கு மடக்குத் தாங்கி இரண்டு. சட்டத்தை ரசமட்டம் வைத்து அடிக்க வேண்டும். தரையைப் பார்த்து அளந்தால் தரையின் சாய்வு மேசைக்கும் வந்துவிடும்.

துளை போடும்போது சுவர் என்ன சுவர் என்பதை வெளியே வரும் தூள் சொல்லிவிடும். செந்தூளாக வந்தால் செங்கல். சாம்பல் நிறத்தில், டிரில் திணறித் திணறி இறங்கினால் கான்கிரீட், அதற்கு சுத்தியல் அடி கொடுக்கும் டிரில் வேண்டும். வெள்ளையாகப் பொலபொலவென்று கொட்டினால் இன்னும் பூச்சிலேயேதான் இருக்கிறோம், அங்கே திருகாணியைப் பிடிக்கும் பிளாஸ்டிக் பிளக் நிற்காது, ஆழம் போக வேண்டும். சுவிட்சு, பிளக் பாயிண்டுக்கு நேர் மேலேயும் கீழேயும் பக்கவாட்டிலும் துளை போடவே கூடாது, வயர் பெரும்பாலும் அந்த நேர்கோடுகளில்தான் போகும். துளைக்குக் கீழே ஒரு கடித உறையைத் திறந்தபடி ஒட்டிவிட்டால் தூள் அதற்குள் விழும். பாட்டிக்கு இருமல் வராமல் இருந்தது அந்த உறையால்தான்.

ஒட்டுக்கொக்கி விரும்பிகளுக்கு ஒரு வார்த்தை. சமையலறை ஓட்டில் அது நன்றாக நிற்கிறது. பெயிண்ட் அடித்த சுவரில் பசை விடுவதில்லை, பெயிண்ட்தான் தோலாக உரிந்து வந்துவிடுகிறது. இந்த வீட்டுக் கூடத்தில் அப்படி உரிந்த இடங்களைப் பார்த்தாலே பழைய கொக்கிகள் எங்கெங்கே இருந்தன என்று சொல்லிவிடலாம்.

சமையலறை, சாமி மேடை, பின்கட்டு

சிங்குக்குக் கீழே கேஸ் தோம்பும் சோப்புப் போத்தல்களும் வாளியும் ஒன்றாகக் கிடந்தன, முன்னால் ஒரு பிளாஸ்டிக் கதவு. அதை முதல் வேலையாகக் கழற்றினோம். வீட்டுக்கு வாங்கும் 14 கிலோ தோம்பில் இருக்கும் எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாமல் தரையோடு தேங்கும். மூடிய பெட்டிக்குள் தேங்கினால் வாசனை வெளியே வருவதற்கே நேரமாகும். இப்போது தரை வரை இறங்காத ஒரு குட்டைத் திரை தோம்பை மறைக்கிறது, கீழே காற்றோட்டம் இருக்கிறது, ரெகுலேட்டருக்குக் கை சுலபமாகப் போகிறது. அழகு பார்த்துத் தோம்பை அலமாரிக்குள் அடைக்கும் வேலையை யாரும் செய்ய வேண்டாம். சோப்புப் போத்தல்கள் சிங்க் பக்கம் குறுக்கே முட்டுக்கொடுத்த ஒரு கம்பியில் அவற்றின் தெளிப்பான் விசைக்கைப்பிடியால் தொங்குகின்றன. தரை காலியானதால் குழாய் சொட்டினால் உடனே கண்ணுக்குத் தெரிகிறது, கரப்பானும் குறைந்தது.

தீபாவளிக்கு மட்டும் எடுக்கும் பெரிய வாணலி, டின்கள், விருந்துத் தட்டுகளுக்கு ஓர் உயரத்தட்டு தேவைப்பட்டது. கூடத்தில் அதற்குப் பொருத்தமாக இருந்த ஒரே காலிச்சுவர் சாமி மேடைக்கு மேலே.

“சாமி தலைக்கு மேல எச்சில் பாத்திரமா? நல்லா இருக்கு தம்பி!” என்றார் பாட்டி. விளக்கின் சூடும் கரியும் நேராகப் பலகைக்கே போகும் என்பதையும் சேர்த்துப் பார்த்தால் அவர் சொன்னது இரண்டு வகையிலும் சரி. தட்டு சமையலறை வாசல் நிலைக்கு மேலே போனது. கதவு நிலைகளுக்கு மேலே உத்தரம் வரை எல்லா வீட்டிலும் ஒரு முழம் இடம் சும்மா கிடக்கும். ஆண்டுக்கு ஒருமுறை எடுக்கும் பொருளுக்கு அது போதும். தினமும் எடுப்பதை அங்கே வைத்தால் நாற்காலி மேல் ஏறி விழுவதில்தான் முடியும். படுக்கைக்கு மேலேயும் இப்படித் தட்டு அடிக்கக் கூடாது.

யார்டில் துணி. ஏப்ரலிலும் அக்டோபர், நவம்பரிலும் கோலாலம்பூரில் மதியத்துக்கு மேல் தினமும் மழை என்றே வைத்துக்கொள்ளலாம், அந்த மாதங்களில் யார்ட் முழுக்க ஈரத் துணி முகத்தில் இடிக்கும். ஜன்னல் கம்பிக்கு வெளியே கழி நீட்டிக்கொள்ளலாம் என்று மகன் சொன்னான். அதற்கு வீட்டில் யாரும் ஒப்பவில்லை. 2018 ஜனவரியில் இதே லெம்பா பந்தாயில் ஒரு பி.பி.ஆர். மாடியிலிருந்து விழுந்த நாற்காலி பட்டு 15 வயது மாணவன் ஒருவன் இறந்துபோனான். அந்த வட்டாரத்தில் அதை மறந்தவர்கள் இல்லை. வெளியே எதையும் தொங்கவிடுவதில்லை என்று பேச்சு முடிந்தது. கூரையில் கொக்கி அடித்து, இரண்டு கப்பி, நைலான் கயிறு, இரண்டு அலுமினியக் குழாய். கயிற்றை இறக்கித் துணியைப் போட்டு மேலே ஏற்றிவிட்டால் தலைக்கு மேலே உலரும், சூடான காற்றும் மேலேதான் இருக்கிறது. ஈரத்துணி கனமானது, அதனால் கொக்கி கான்கிரீட்டில் விரிந்து பிடிக்கும் வகையாக இருக்க வேண்டும், சாதாரண பிளக் போதாது. யார்டில் வாளி, தட்டு எதையும் தண்ணீர் தேங்கும்படி நிமிர்த்தி வைக்கக் கூடாது என்றும் சொல்லிவைத்தேன். ஏடிஸ் கொசுவுக்கு ஒரு வாரத்துத் தேக்கம் போதும்.

தொத்தோவுக்கு வழி சொன்னது அக்காவேதான். பகலில் அதைச் சுருட்டி, பழைய சேலையில் தைத்த உறைக்குள் போட்டுக் கூடத்துப் பெஞ்சில் சாய்மானமாக வைத்துவிடுகிறார். வாரத்தில் ஒரு நாளாவது வெயிலில் போட வேண்டும், இல்லாவிட்டால் உறைக்குள் பூசணம் பிடிக்கும்.

செலவும் பின்பு நடந்ததும்

எல்லாம் முடிந்தபோது பொருளுக்கு மட்டும் 260 வெள்ளிக்குக் கொஞ்சம் மேலே ஆகியிருந்தது. அதில் பாதிக்கு மேல் அந்த மேசையே விழுங்கிவிட்டது: பலகை, நீளக் கீல், மடக்குத் தாங்கி, வார்னிஷ். கப்பிக் கட்டுக்கு 40 வெள்ளிக்குள். காலணிக் கம்பி, திரைக் கம்பி, சிங்க் கம்பி எல்லாம் சில்லறைச் செலவு. டிரில் என்னுடையது. சொந்தமாக இல்லாதவர்கள் நாலைந்து துளைக்காக டிரில் வாங்க வேண்டாம். எந்த அடுக்குமாடியிலும் ஒரு மாடிக்கு ஒருவராவது வைத்திருப்பார், ஒரு பொட்டலம் முறுக்கு போதும். கூலி நான் வாங்கவில்லை, அதைக் கணக்கில் சேர்த்தால் இது மலிவான வேலை அல்ல. ஆனால் இதில் எந்த வேலைக்கும் தச்சன் கை தேவைப்படவில்லை, கூரைக் கொக்கியைத் தவிர. அதைத் தெரிந்தவரிடம் விட்டுவிடுவது நல்லது.

தீபாவளி கழிந்து ஒருமுறை போய்ப் பார்த்தேன். ஐஸ்பெட்டி நகர்த்தல்தான் எல்லாரும் முதலில் சொன்னது, காசே செலவாகாத வேலை. பாட்டியின் திரைக் கம்பி ஒருமுறை நழுவி விழுந்திருக்கிறது. முனை ரப்பர் வழவழப்பான பெயிண்டில் பிடிக்கவில்லை. கம்பியின் இரு முனையிலும் உப்புத்தாள் துண்டு ஒட்டியதும் நின்றுவிட்டது. உருளும் தட்டின் மேலடுக்கைப் பாட்டி தன் மருந்துக்கு எடுத்துக்கொண்டார், ஐஸ்பெட்டிச் சூட்டுக்குப் பக்கத்தில் மருந்து வேண்டாம் என்று சொல்லி அதை வேறிடத்துக்கு மாற்ற வேண்டியதாயிற்று. ஊதிப்போன செருப்பு அலமாரியையும் டிராயர் ஒன்றையும் தூக்கிப் போட்டுவிட்டார்கள். குளியலறை வழி இப்போது பாட்டி கைத்தடியோடு நேராக நடக்கும் அளவுக்கு இருக்கிறது. மகளின் மேசை தீபாவளிக்கு முந்தைய வாரம் முழுக்க முறுக்குப் பொட்டலம் கட்டும் மேடையாக இருந்ததாம். தேர்வு நெருங்குகிற நேரத்தில் இதென்ன அநியாயம் என்று அவள் கேட்டதற்கு, “ஒரு வாரந்தானே” என்றாராம் அம்மா. விளிம்பில் எண்ணெய்க் கறை ஏறியிருக்கிறது, வார்னிஷ் இருந்ததால் பலகைக்குள் இறங்கவில்லை.

மேசையில் படிப்பு விளக்கு, மடிக்கணினி, போன் சார்ஜர் எல்லாம் ஒரே எக்ஸ்டென்ஷனில் ஓடுகின்றன. இவை எல்லாம் சேர்ந்தாலும் பாரம் கொஞ்சந்தான். அதிலேயே தண்ணீர்க் கெத்தலையும் செருகியிருந்தார்கள், அதைக் கழற்றச் சொன்னேன். நம் மூன்று முள் பிளக் 13 ஆம்பியருக்கானது, ஏறக்குறைய 3000 வாட். கெத்தல் ஒன்றே 2000 வாட் அளவுக்கு இழுக்கும்.

மகனின் சைக்கிள் மட்டும் இன்னும் கூடத்தில்தான் நிற்கிறது. கீழே நிறுத்தினால் காணாமல் போகும், நடைபாதையில் வைக்க முடியாது. யார்டில் செய்ததுபோலவே கூடத்திலும் கப்பி கட்டி மேலே ஏற்றிவிடலாம் என்கிறார் அண்ணன். துணிக் கம்பிக்குக் கீழே யாரும் படுப்பதில்லை, சைக்கிளுக்குக் கீழே மகன் படுப்பான் என்பதால் நான் ஒத்துக்கொள்ளவில்லை. தூணின் வெளிப்பக்கம் கான்கிரீட்தான், அதில் சைக்கிளைச் செங்குத்தாக மாட்டும் கொக்கி ஒன்று பிடிக்கும். ஆனால் ஹேண்டில் வாசல் கதவு வளைவுக்குள் வருகிறதா என்று முதலில் அட்டையில் வெட்டிப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.